பாதி விலைக்கு தர்றேன்னு சொல்லியும் தோத்த ஹெலிகாப்டர்

2022 டிசம்பர் 5ஆம் தேதி, படைய ஏத்திட்டு போற பிளாக் ஹாக் ஹெலிகாப்டருக்கு அடுத்து எத வாங்கப் போறோம்னு அமெரிக்க ராணுவம் அறிவிச்சுச்சு. களத்துல கடைசியா நின்னது ரெண்டே பேர். ஒரு பக்கம் பெல் கம்பெனியோட வி-280 வேலர், இன்னொரு பக்கம் சிகோர்ஸ்கியும் போயிங்கும் சேர்ந்து செஞ்ச டிஃபையன்ட். ஜெயிச்சது பெல். சிகோர்ஸ்கி சும்மா விடல, ஜிஏஓன்னு சொல்ற அந்த ஊர் தணிக்கை அமைப்புகிட்ட புகார் கொடுத்தாங்க, 2023 ஏப்ரல்ல புகார் தள்ளுபடி ஆச்சு, ஆனா அந்த தீர்ப்புல ரெண்டு நம்பர் வெளிய வந்துச்சு பாருங்க, அதுதான் விஷயமே. சிகோர்ஸ்கி கேட்டது சுமார் 445 கோடி டாலர். பெல் கேட்டது சுமார் 808 கோடி டாலர். ஒரு ஹெலிகாப்டரோட விலை இல்ல இது, ஒப்பந்தத்துக்கு ரெண்டு பேரும் போட்ட மொத்த கணக்கு. ஆனாலும் கிட்டத்தட்ட பாதி விலை. அதுவும் சொன்னது யாரு, அந்த பிளாக் ஹாக்கையே 1970கள்ல இருந்து செஞ்சு கொடுத்துட்டு இருக்கற கம்பெனி. பழைய கடைக்காரன், விலையும் கம்மி, ஆனா வேணாம்னுட்டாங்க.

தீர்ப்புல சொன்ன காரணம் ரொம்ப வறட்சியானது. டிசைன்ல எந்த வேலைய எந்த துணை அமைப்பு பாக்கும்னு ராணுவம் கேட்ட ஆழத்துக்கு சிகோர்ஸ்கி பிரிச்சு காட்டல, அதனால தொழில்நுட்ப ரீதியா ஏத்துக்க முடியாத நிலை, அந்த நிலை வந்துட்டா விலைய பாக்கவே வேண்டியதில்ல. அவ்ளோதான். பேப்பர் விஷயம்னு இத தாண்டி போயிடலாம், நிறைய பேர் போயிட்டாங்க. என் பார்வை வேற. அந்த ரெண்டு மெஷினும் ஒரே தலைவலிக்கு கண்டுபிடிச்ச ரெண்டு மருந்து, ரெண்டுக்குமே அம்பது அறுபது வருஷ வரலாறு இருக்கு, அந்த வரலாற பாத்தா பேப்பர்ல ஏன் ஒருத்தனால விவரமா எழுத முடிஞ்சுது, இன்னொருத்தனால ஏன் முடியலன்னு ஓரளவு புரியும்.

மொதல்ல தலைவலி என்னன்னு பாத்துடுவோம்.

ஹெலிகாப்டர் நின்ன இடத்துல பறக்கும்போது எல்லா பிளேடுக்கும் ஒரே காத்து, பிரச்சனை இல்ல. முன்னால போக ஆரம்பிச்சா தான் வில்லங்கம். ஓடற ட்ரெயின்ல ஒருத்தன் எஞ்சின் பக்கமா நடக்கறான், இன்னொருத்தன் கடைசி பெட்டி பக்கமா நடக்கறான்னு வைங்க, தரையில நிக்கறவனுக்கு மொதல் ஆள் ட்ரெயின விட வேகமா போறான், ரெண்டாவது ஆள் ட்ரெயின விட மெதுவா போறான். பிளேடும் அப்படித்தான். ஒரு பக்கம் முன்னால வர்ற பிளேடுக்கு சுத்தற வேகமும் போற வேகமும் சேரும், எதிர்ப்பக்கம் பின்னால போற பிளேடுக்கு கழியும். பிளேடு நுனி வழக்கமா நொடிக்கு 220 மீட்டர் கிட்ட சுத்தும். ஹெலிகாப்டர் நொடிக்கு 100 மீட்டர், அதாவது மணிக்கு 360 கிமீ போகுதுன்னா முன்னால வர்ற நுனி 320 மீட்டர் வேகத்துல காத்த கிழிக்கும், ஒலி வேகம் 340 தான், கிட்டத்தட்ட முட்டிட்டோம். பின்னால போற நுனிக்கு கிடைக்கறது வெறும் 120. நுனிக்கே இந்த கதின்னா பிளேடெல்லாம் மாட்டியிருக்கற நடு மண்டைக்கு பக்கத்துல இருக்கற பிளேடு பகுதிக்கு காத்து பின்பக்கத்துல இருந்து அடிக்கும், அங்க தூக்கும் விசைங்கற பேச்சே இல்ல.

ரெண்டு பக்கமும் சமமா தூக்கலன்னா மெஷின் ஒரு பக்கமா கவுந்துடும். இதுக்கு ஸ்பெயின்காரர் ஹுவான் டி லா சியர்வா ஹெலிகாப்டருக்கு முன்னோடியான தன்னோட ஆட்டோஜைரோ மெஷினுக்காக 1920கள்லயே ஒரு வழி கண்டுபிடிச்சார், பிளேட அடியில ஒரு கீல் வச்சு மாட்டினார், கதவு மாதிரி மேலயும் கீழயும் ஆடிக்கட்டும்னு. அது ஆடும்போதே ரெண்டு பக்கமும் சமம் ஆயிடும். 1923ல அவரோட சி.4 பறந்துச்சு, இன்னிக்கு வரைக்கும் எல்லா ஹெலிகாப்டரும் அந்த ஐடியாவோட பேரப்பிள்ளைங்க தான். ஆனா கீல் வச்சாலும் ஒரு எல்லைக்கு மேல பின்னால போற பிளேடு ஸ்டால் ஆகும், அதாவது தூக்கற சக்திய இழக்கும், முன்னால வர்ற பிளேடு ஒலி வேகத்துல மோதும், ரெண்டும் ஒரே சமயத்துல நெருக்கும். ரோட்டர, அதாவது பிளேடெல்லாம் சேர்ந்த அந்த விசிறிய, வேகமா சுத்துனா அந்த பக்கம் அடி, மெதுவா சுத்துனா இந்த பக்கம் அடி. சாதாரண ஹெலிகாப்டரோட உலக சாதனை 1986 ஆகஸ்ட் 11ல பிரிட்டன்ல ஒரு வெஸ்ட்லேண்ட் லிங்க்ஸ் வச்சது, மணிக்கு 400.87 கிமீ, அதுக்குன்னே நுனிய துடுப்பு மாதிரி செதுக்கின ஸ்பெஷல் பிளேடு போட்டு. அப்புறம் எத்தனையோ கம்ப்யூட்டர், கார்பன் ஃபைபர்லாம் வந்தும் அந்த நம்பர சாதாரண ஹெலிகாப்டர் எதுவும் தாண்டல.

அப்ப இதுக்கு மேல வேகம் வேணும்னா ரோட்டர்கிட்ட இருந்து வேலைய பிடுங்கணும். தூக்கற வேலைய றெக்கைக்கு கொடு, தள்ளற வேலைய ப்ரொப்பெல்லருக்கு கொடு, இல்ல ரெண்டு ரோட்டர் போடு, இல்ல ரோட்டரையே திருப்பி ப்ரொப்பெல்லர் ஆக்கு. இந்த மூணு வழி தான். எந்த வழியில போனாலும் வேகத்துக்கு எங்கயாவது வட்டி கட்டணும், எங்க கட்டறதுங்கறது தான் சண்டையே.

மொதல் வழிய பெருசா முயற்சி பண்ணி கைய சுட்டுக்கிட்டது லாக்ஹீட். ஏஎச்-56 செயென். எனக்கு ரொம்ப பிடிச்ச மெஷின் இது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கங்க. வியட்நாம்ல படைய ஏத்திட்டு போற ஹெலிகாப்டர்களுக்கு துணையா போக ஆயுதம் ஏந்தின வேகமான ஒன்னு வேணும்னு ராணுவம் கேட்டுச்சு. 1967 செப்டம்பர் 21ல செயென் பறந்துச்சு. மேல கீலே இல்லாத விறைப்பான ரோட்டர், பக்கத்துல குட்டை றெக்கை, வால்ல வழக்கமான டெயில் ரோட்டரோட சேர்த்து பின்னால தள்ள ஒரு ப்ரொப்பெல்லர். வேகம் பிடிச்சதும் பாரத்த பெரும்பாலும் றெக்கை தாங்கும், எஞ்சின் சக்தி பெரும்பாலும் ப்ரொப்பெல்லருக்கு போகும், மேல ரோட்டர் சும்மா பேருக்கு சுத்திட்டு இருக்கும். மணிக்கு 390 கிமீ கிட்ட போச்சு, 1960கள்ல! துப்பாக்கிக்காரர் உக்காந்திருக்கற சீட்டே துப்பாக்கியோட சேர்ந்து சுத்தும்.

வட்டி எங்க வந்துச்சுன்னா ரோட்டர்ல. கீல் இல்லாததால பிளேடு ஆட்டம் அப்படியே மண்டைக்கு ஏறும். வேகத்துல போகும்போது ரோட்டர் ரெண்டு சுத்து சுத்துனா ஒரு தடவை குதிக்கற மாதிரி ஒரு விபரீத அதிர்வு வந்துச்சு, அதுக்கு 'ஹாஃப்-பி ஹாப்'னு பேரு வச்சாங்க. 1969 மார்ச் 12ல ஒரு டெஸ்ட்ல ரோட்டர் வந்து உடம்பையே வெட்டிடுச்சு, பைலட் இறந்துட்டார். காரணம் என்னன்னு பாக்கறதுக்காக இன்னொரு செயென கொண்டு போய் நாசாவோட ஏம்ஸ் மையத்துல இருக்கற ராட்சச காத்துச் சுரங்கத்துல வச்சு ஓட்டுனாங்க, அதுவும் அதே மாதிரி தன்னைத்தானே அடிச்சு நொறுக்கிக்கிச்சு. அதே வருஷம் மே மாசம் 375 செயெனுக்கான உற்பத்தி ஆர்டர் ரத்து. அப்புறம் ரோட்டர் கன்ட்ரோல மாத்தி பிரச்சனைய பெரும்பாலும் சரி பண்ணிட்டாங்க, அதான் கொடுமை, சரி பண்ணின அப்புறம் தான் 1972 ஆகஸ்ட்ல திட்டத்தையே மூடினாங்க.

ஏன்னா அதுக்குள்ள ரெண்டு விஷயம் மாறிடுச்சு. ஒன்னு, விமானப்படைக்கு இது பிடிக்கல. றெக்கை வச்சு வேகமா பறந்து தரையில இருக்கறவன அடிக்கறது எங்க வேலைன்னு அவங்க சொந்தமா ஒரு திட்டம் ஆரம்பிச்சுட்டாங்க, அதுல வந்தது தான் ஏ-10 விமானம். ரெண்டு, தோள்ல தூக்கி சுடற ஏவுகணை வந்தப்புறம் வேகமா உயரத்துல பறக்கறவன் செத்தான்னு ஆயிடுச்சு, மரத்துக்கு பின்னால ஒளிஞ்சு ஒளிஞ்சு போறவன் தான் பிழைப்பான். அடுத்து வந்த போட்டியில ராணுவம் கேட்ட க்ரூஸ் வேகத்த, அதாவது சீரா போற வேகத்த பாருங்க, மணிக்கு 270 கிமீ இருந்தா போதும். செயென் தொட்ட வேகத்த விட 120 கிமீ கம்மி! அந்த போட்டியில பெல்லோட ஒய்ஏஎச்-63ம் ஹ்யூஸோட ஒய்ஏஎச்-64ம் 1975ல ஒரு நாள் வித்தியாசத்துல பறந்துச்சு, 1976 டிசம்பர்ல ஹ்யூஸ் ஜெயிச்சுது, அதான் அப்பாச்சி. பெல்லுது ரெண்டு பிளேடு, ஹ்யூஸுது நாலு. வேகம் ரெண்டுலயுமே முக்கியமில்ல, அடி வாங்கிட்டு வீடு திரும்பறது தான் முக்கியம். வேகம் வேணும்னு கத்தறவங்க இந்த இடத்த அடிக்கடி மறந்துடறாங்க, ராணுவம் ஒரு தடவ வேகத்த கையில வாங்கி பாத்துட்டு திருப்பி கொடுத்துடுச்சு.

இப்ப ரெண்டாவது வழி. சிகோர்ஸ்கி கேட்ட கேள்வி புத்திசாலித்தனமானது. பின்னால போற பிளேடு தானே தூக்க மாட்டேங்குது, அத ஏன் கெஞ்சிட்டு இருக்கணும்? ஒரே தண்டுல எதிரெதிரா சுத்தற ரெண்டு ரோட்டர் போட்டா இடது பக்கமும் ஒரு பிளேடு முன்னால வரும், வலது பக்கமும் ஒரு பிளேடு முன்னால வரும். முன்னால வர்றது ரெண்டும் தூக்கட்டும், பின்னால போறது ரெண்டும் ஓய்வெடுக்கட்டும். டெயில் ரோட்டரும் தேவையில்ல. ரஷ்யாவுல கமோவ் கம்பெனி காலங்காலமா ரெண்டடுக்கு ரோட்டர் போடறாங்களே, அதுல என்ன புதுசுன்னு கேக்கலாம். கமோவோட பிளேடு கீல்ல ஆடும், அதனால ரெண்டு அடுக்குக்கும் நடுவுல நல்ல இடைவெளி விடணும், அங்க நோக்கம் வேகம் இல்ல, கப்பல்ல வைக்கறதுக்கு அடக்கமா இருக்கணும், நின்ன இடத்துல நல்லா தூக்கணும், அவ்ளோதான். சிகோர்ஸ்கிக்கு கீல் கூடாது. ஒரு பக்கம் மட்டும் தூக்கற பிளேடு மேல வளையும், எதிர் ரோட்டரோட பிளேடு கீழ இருக்கும், ரெண்டும் உரசுச்சுன்னா கதை முடிஞ்சுது. அதனால இரும்புக்கம்பி மாதிரி விறைப்பான பிளேடு. விறைப்பா இருந்தா அதிர்வு மொத்தமும் கீழ இறங்கும். செயென்ல பாத்த அதே பூதம், இப்ப ரெண்டு அடுக்குல.

(கமோவ்னு சொன்னதும் ஒரு கிளைக்கதை. 1980கள்ல சோவியத் ராணுவம் தாக்குதல் ஹெலிகாப்டருக்கு கமோவோட கா-50யையும் மில்ங்கற இன்னொரு கம்பெனியோட மி-28யையும் மோத விட்டாங்க. கா-50ல ஒரே ஆள் தான், ஆபத்துன்னா மேல இருக்கற பிளேடெல்லாம் வெடிச்சு பறந்துட்டு அப்புறம் சீட் வெளிய பாயும், அப்படி ஒரு ஏற்பாடு. கமோவ் ஜெயிச்சுது. ஆனா கடைசியில ஒத்தை ஆளால ஓட்டவும் சுடவும் முடியாதுன்னு ஆகி, ரெண்டு சீட் கா-52 செஞ்சாங்க, தோத்துப்போன மி-28யையும் மேம்படுத்தி வாங்கினாங்க. போட்டி வச்சு ரெண்டு பேருக்கும் ஆர்டர்!)

சிகோர்ஸ்கியோட மொதல் சோதனை மெஷின் எக்ஸ்எச்-59ஏ, 1973 ஜூலைல பறந்துச்சு. பக்கத்துல ரெண்டு ஜெட் எஞ்சின கட்டி விட்டு தள்ளுனாங்க, நேர்மட்டத்துல 440 கிமீ தொட்டுச்சு. ஐடியா சரின்னு நிரூபணம் ஆச்சு. ஆனா எரிபொருள குடி குடின்னு குடிச்சுது, அதிர்வோ பல்லு கழண்டு விழற அளவுக்கு, அதனால கிடப்புல போட்டாங்க. கிட்டத்தட்ட 30 வருஷம் கழிச்சு கம்ப்யூட்டர் கன்ட்ரோலும் அதிர்வுக்கு எதிர் அதிர்வு கொடுத்து அடக்கற சிஸ்டமும் வந்தப்புறம் எக்ஸ்2ன்னு ஒரு குட்டி மெஷின் செஞ்சாங்க, ஜெட்டுக்கு பதிலா வால்ல ப்ரொப்பெல்லர். 2010 செப்டம்பர்ல மணிக்கு 463 கிமீ போச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க, அமெரிக்காவோட விமானத்துறை விருதான கோலியர் டிராஃபி கிடைச்சுது. அடுத்து கொஞ்சம் பெருசா எஸ்-97 ரெய்டர், 2015ல பறந்து 2017 ஆகஸ்ட்ல ஃப்ளோரிடாவுல தரையில அடிச்சு சேதமாச்சு, கன்ட்ரோல் சாஃப்ட்வேர் தான் காரணம். அதுக்கு அடுத்த படி தான் டிஃபையன்ட். எக்ஸ்2 மூணு டன்ன கூட தொடாத பொம்மை, டிஃபையன்ட் பத்து டன்ன தாண்டின, ஒரு ஸ்குவாட் சிப்பாய்கள ஏத்தற பஸ். பிளேடு நீளமாக நீளமாக விறைப்பா வச்சிருக்கறது எவ்ளோ கஷ்டம்னு ஒரு மூங்கில் கழிய ஒரு முனையில பிடிச்சு நீட்டிப் பாத்தாலே தெரியும்.

மூணாவது வழி டில்ட்ரோட்டர், பெல்லோட சொத்து. றெக்கை நுனியில ரெண்டு ரோட்டர், எழும்பும்போது மேல பாக்கும், போகும்போது முன்னால திரும்பி ப்ரொப்பெல்லர் ஆயிடும். வேகத்துல போகும்போது தலைக்கு மேல படுக்கையா சுத்தற ரோட்டரே கிடையாது, அதனால நாம மேல சொன்ன தலைவலி அப்படியே காணாம போயிடும். வேற தலைவலி வரும். பெல்லோட எக்ஸ்வி-3 1955ல பறந்துச்சு, மொதல் மெஷின் 1956ல விழுந்து பைலட்டுக்கு பலத்த காயம், ரெண்டாவது மெஷின்ல 1958 டிசம்பர்ல தான் முழுசா ரோட்டர் திருப்பி காட்டுனாங்க. றெக்கை நுனியில கனமா ஒன்னு சுத்திட்டு இருந்தா வேகத்துல றெக்கையும் ரோட்டரும் ஒன்னுக்கொன்னு ஊஞ்சலாட்டி விட்டு உடைச்சுக்கும், அத புரிஞ்சுக்கவே பத்து வருஷம் ஓடுச்சு. 1977ல எக்ஸ்வி-15 வந்துச்சு, அது நல்ல பிள்ளை, ரெண்டு மெஷின வச்சு வருஷக்கணக்குல பறந்து பாடம் படிச்சாங்க.

இதுக்கு நடுவுல 1950கள்லயும் 60கள்லயும் வேற என்னென்னவோ பைத்தியக்காரத்தனமும் நடந்துச்சு. கான்வேர் போகோன்னு ஒன்னு, வால்ல உக்காந்து மூக்க வானத்துக்கு நீட்டிட்டு நிக்கும், இறங்கும்போது பைலட் மல்லாக்க படுத்துட்டு தோளுக்கு மேல திரும்பிப் பாத்து பின்பக்கமா இறக்கணும், காரையே ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம நாம படற பாட்ட நினைச்சா போதும். றெக்கைய மொத்தமா திருப்பற எக்ஸ்சி-142, வளையத்துக்குள்ள நாலு விசிறி வச்ச எக்ஸ்-22. எல்லாமே பறந்துச்சு. எதுவும் படைக்கு வரல.

டில்ட்ரோட்டர் மட்டும் படைக்கு வந்ததுக்கு காரணம் ஒரு தோல்வி. 1980 ஏப்ரல்ல ஈரான்ல பிணைக்கைதிங்கள மீட்க அமெரிக்கா 8 ஹெலிகாப்டர கப்பல்ல இருந்து அனுப்புச்சு. பாலைவனத்துல குறிச்ச இடத்துக்கு வந்து சேர்ந்தது 6, அதுல ஒன்னுக்கு ஹைட்ராலிக் கோளாறு, மிச்சம் 5, குறைஞ்சது 6 வேணும், திட்டம் கைவிடப்பட்டுச்சு. திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர் நின்னுட்டு இருந்த சி-130 விமானத்து மேல மோதி 8 பேர் இறந்தாங்க. அவ்ளோ தூரம் ஒரே மூச்சுல வேகமா போயி செங்குத்தா இறங்கற ஒன்னு இருந்திருந்தாங்கற அந்த ஏக்கத்துல இருந்து தான் வி-22 ஆஸ்ப்ரே திட்டம் பிறந்துச்சு. 1989 மார்ச்ல பறந்துச்சு. அதே வருஷம் பாதுகாப்பு அமைச்சரா வந்த டிக் செனி செலவு தாங்காதுன்னு நிறுத்தப் பாத்தார், அவர் பட்ஜெட்ல இருந்து எடுக்க எடுக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் திரும்ப திரும்ப உள்ள வச்சுது.

ஆஸ்ப்ரே கட்டின வட்டி சின்னது இல்ல. 2000 ஏப்ரல்ல அரிசோனாவுல மரானாங்கற இடத்துல 19 மரைன்கள் இறந்தாங்க. முன்னால போற வேகம் கம்மியா இருக்கும்போது ரொம்ப சீக்கிரமா இறங்குனா ரோட்டர் தான் தள்ளி விட்ட காத்துக்குள்ளயே சிக்கிக்கும், வோர்டெக்ஸ் ரிங்னு சொல்வாங்க. சாதாரண ஹெலிகாப்டர்ல இது நடந்தா மொத்தமா கீழ போகும், ஆஸ்ப்ரேல ரெண்டு ரோட்டர் தள்ளித்தள்ளி இருக்கறதால ஒரு பக்கம் மட்டும் சிக்கி மறுபக்கம் தூக்கிட்டே இருந்தா தலைகீழா கவுத்துடும். அன்னிக்கு நடந்தது அதான். அதே வருஷம் டிசம்பர்ல இன்னொன்னு, ஹைட்ராலிக் கசிவும் சாஃப்ட்வேர் தப்பும் சேர்ந்து 4 பேர். திருத்தி, இறங்கற வேகத்துக்கு கட்டுப்பாடு போட்டு, 2007ல தான் இராக்குக்கு அனுப்புனாங்க. அங்கதான் அது தன்ன நிரூபிச்சுது, ஹெலிகாப்டர விட ரெண்டு மடங்கு வேகம் ரெண்டு மடங்கு தூரம்.

இன்னொரு வட்டி கொஞ்சம் நுணுக்கமானது. ஆஸ்ப்ரேல ரோட்டரோட சேர்ந்து எஞ்சினும் திரும்பும். அப்ப படுத்தாலும் நின்னாலும் எண்ணெய் ஓடணும், கியர்பாக்ஸ் தாங்கணும், எஞ்சின் செங்குத்தா நிக்கும்போது அதோட சூடான புகை நேரா கப்பல் தளத்துல அடிக்கும், தளத்துக்கு தனியா பாதுகாப்பு பண்ண வேண்டி வந்துச்சு. கப்பல்ல வைக்க ரோட்டர மடக்கணும், றெக்கைய உடம்போட சேர்த்து திருப்பணும், அதுக்காக ரோட்டர் சின்னதாச்சு, ரோட்டர் சின்னதானா அதே பாரத்த தூக்க காத்த இன்னும் வேகமா கீழ தள்ளணும், கீழ நிக்கறவன் மேல மணல் மழை. ஒரு தேவைய திணிச்சா எப்படி சங்கிலி மாதிரி இழுத்துட்டு போகுது பாருங்க. ஒரு எஞ்சின் நின்னாலும் இன்னொன்னு ரெண்டு ரோட்டரையும் சுத்தணும்னு றெக்கை முழுக்க ஒரு தண்டு ஓடும், அந்த தண்டுக்கும் கியருக்கும் ஏதாவது ஆச்சுன்னா தப்பிக்க வழி ரொம்ப குறைவு. 2023 நவம்பர் 29ல ஜப்பான்ல யாகுஷிமா தீவுகிட்ட ஒரு சிவி-22 ரக ஆஸ்ப்ரே விழுந்து 8 பேர் இறந்தது கியர்பாக்ஸ்ல ஒரு பல்சக்கரம் விரிசல் விட்டதுல ஆரம்பிச்சது தான். மூணு மாசத்துக்கு மொத்த ஆஸ்ப்ரேயையும் தரையில நிறுத்தி வச்சாங்க.

சரி, இவ்ளோ ரத்தம் சிந்தின டிசைன எதுக்கு ராணுவம் தேடிப் போய் வாங்குச்சு?

ஏன்னா பெல் ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு பதில் எழுதிட்டு வந்தாங்க. வேலர்ல எஞ்சின் திரும்பாது, படுத்தே இருக்கும், ரோட்டரும் அதோட கியரும் மட்டும் திரும்பும். புகை தரைய பாக்காது, பக்கக் கதவு வழியா சிப்பாய்ங்க இறங்கலாம். தரைப்படைக்குங்கறதால கப்பலுக்கு மடிக்கற கூத்து முக்கியமில்ல, றெக்கைய ஒரே நேர் துண்டா சுலபமா செய்யலாம். இதெல்லாம் யாரோ ரூம்ல உக்காந்து யோசிச்சது இல்ல, ஆஸ்ப்ரேல அடி வாங்கி கத்துக்கிட்டது. இதத்தான் நான் மேல பேப்பர் விஷயம்னு சொன்னப்ப மனசுல வச்சிருந்தேன். எந்த பாகம் எந்த வேலைய பாக்கும், எது எப்ப பழுதாகும்னு கேட்டா பெல்லுக்கு நூத்துக்கணக்கான மெஷின் பல வருஷம் ஓடின அனுபவம் கையில இருக்கு. சிகோர்ஸ்கிகிட்ட இருந்தது எக்ஸ்2 ஒன்னு, ரெய்டர் ரெண்டு, டிஃபையன்ட் ஒன்னு. தீர்ப்புல இப்படி யாரும் எழுதல, இது என் ஊகம் தான்.

போட்டி நடந்த விதத்தையும் பாக்கணும். 2013ல ராணுவம் நாலு கம்பெனிய கூப்பிட்டுச்சு, பெல், சிகோர்ஸ்கி-போயிங், ஏவிஎக்ஸ், கரெம். மணிக்கு 425 கிமீ கிட்டயாவது போகணும், 6,000 அடி உயரத்துல 35 டிகிரி வெயில்ல நின்ன இடத்துல மிதக்கணும். ஆப்கானிஸ்தான் மலைல பிளாக் ஹாக் மூச்சு வாங்கினத பாத்து போட்ட கணக்கு அது, உயரமும் வெயிலும் சேர்ந்தா காத்து லேசாகி ரோட்டருக்கு பிடிப்பு போயிடும். 2014ல ரெண்டு பேர மட்டும் செஞ்சு காட்டுங்கன்னு சொன்னாங்க. ரெண்டு பேரும் 2017ல பறக்கணும். வேலர் 2017 டிசம்பர் 18ல டெக்சஸ்ல அமரில்லோவுல பறந்துச்சு, சொன்ன வருஷம், கடைசி ரெண்டு வாரத்துல. டிஃபையன்ட் பறந்தது 2019 மார்ச் 21. நடுவுல என்ன ஆச்சுன்னா அந்த விறைப்பான பிளேட செய்யறதே சிக்கலாச்சு, கியர்பாக்ஸ்ல பேரிங் பிரச்சனை. வேலர் 550 கிமீய தாண்டிடுச்சு, 200 மணி நேரத்துக்கு மேல பறந்து 2021ல ரிட்டயர் ஆச்சு. டிஃபையன்ட் 445 கிமீய தாண்டுச்சு, கேட்டத விட அதிகம் தான், ஆனா பறந்த மணி நேரம் ரொம்ப கம்மி.

நியாயமா டிஃபையன்ட் பக்கமும் பேசணும். இறங்கற இடத்துல அது கில்லாடி. அகலம் கம்மி, பிளாக் ஹாக் நிக்கற இடத்துல நிக்கும், தாழ்வா மரத்துக்கு நடுவுல வளைஞ்சு நெளிஞ்சு போகும், பின்னால இருக்கற ப்ரொப்பெல்லர ரிவர்ஸ்ல போட்டு சட்டுனு பிரேக் அடிக்கும். வேலர் றெக்கைய விரிச்சுட்டு நிக்கற பெரிய பறவை, நாலஞ்ச வரிசையா ஒரு சின்ன மைதானத்துல இறக்கறது கஷ்டம். சண்டை ஆப்கானிஸ்தான் பள்ளத்தாக்குலன்னா நான் டிஃபையன்ட்டுக்கு தான் ஓட்டு போட்டிருப்பேன். ஆனா 2022ல ராணுவம் பாத்துட்டு இருந்த மேப் வேற, பசிபிக் கடல். தீவுக்கு தீவு நூத்துக்கணக்கான கிமீ. அங்க றெக்கை மேல சாஞ்சுட்டு போறவனுக்கு எரிபொருள் மிச்சம், தலைக்கு மேல ரெண்டு அடுக்கு ரோட்டர இழுத்துட்டு போறவனுக்கு கஷ்டம். தூரங்கற கேள்விய கேட்டவுடனே டில்ட்ரோட்டர் பாதி ஜெயிச்சாச்சு.

சிகோர்ஸ்கிக்கு இன்னொரு வாய்ப்பு இருந்துச்சு. சின்ன உளவு ஹெலிகாப்டர் போட்டி, ஃபாரா. ரெய்டர் எக்ஸ்னு அதே ரெண்டடுக்கு டிசைன். எதிர்ல பெல், இந்த தடவை டில்ட்ரோட்டர் இல்ல, 360 இன்விக்டஸ்னு ஒத்தை ரோட்டரும் குட்டை றெக்கையும் வச்ச அடக்கமான மெஷின். ரெண்டு பேரும் கிட்டத்தட்ட கட்டி முடிச்சுட்டு புது எஞ்சினுக்காக வருஷக்கணக்குல காத்துட்டு இருந்தாங்க. எஞ்சின் வந்து மாட்டி பறக்கறதுக்குள்ள 2024 பிப்ரவரி 8ல ராணுவம் திட்டத்தையே மூடிடுச்சு, சுமார் 200 கோடி டாலர் செலவழிச்ச அப்புறம். உக்ரைன்ல ட்ரோனே உளவு பாக்கறத எல்லாரும் பாத்துட்டாங்க, ஆள் வச்ச உளவு ஹெலிகாப்டர் எதுக்குன்னு ஆயிடுச்சு. சரியா 20 வருஷம் முன்னாடி, 2004 பிப்ரவரில, கோமான்ச்சிங்கற உளவு ஹெலிகாப்டரையும் இப்படித்தான் சுமார் 690 கோடி டாலர் கொட்டி ரெண்டே ரெண்டு மெஷின செஞ்சுட்டு மூடுனாங்க. அதுவும் போயிங்-சிகோர்ஸ்கி தான், பாவம்.

வேலருக்கு 2025ல எம்வி-75ன்னு பேரு வச்சாங்க, அமெரிக்க ராணுவம் பிறந்த 1775ல இருந்து எடுத்த 75. ரெண்டடுக்கு விறைப்பு ரோட்டரோ 1973ல இருந்து இத்தனை மெஷின் பறந்தும் அமெரிக்க ராணுவத்துல இன்னும் ஒரு இடம் கிடைக்காம நிக்குது. ஆனா மொதல் வழின்னு சொன்னேனே, றெக்கைக்கும் ப்ரொப்பெல்லருக்கும் வேலைய பிரிச்சு கொடுக்கற செயென் வழி, அது அட்லான்டிக்குக்கு அந்தப்பக்கம் உயிரோட இருக்கு. யூரோகாப்டர் எக்ஸ்3ன்னு ஒன்னு 2013ல 472 கிமீ போச்சு, பழைய ஹெலிகாப்டர் உடம்புல ரெண்டு பக்கமும் குட்டை றெக்கை, நுனியில ப்ரொப்பெல்லர், நடுவுல சாதாரண கீல் வச்ச ரோட்டர், விறைப்பு வித்தையெல்லாம் இல்ல. அதோட வாரிசு ஏர்பஸ் ரேசர் 2024 ஏப்ரல்ல ஃப்ரான்ஸ்ல மரின்யான்ல பறந்து, சில மாசத்துலயே வச்ச இலக்கான மணிக்கு 400 கிமீய தாண்டிடுச்சு. 550 கிமீக்கு ஆசைப்படல, ரோட்டர திருப்பவும் இல்ல, விறைக்கவும் இல்ல.